எக்கார்ட்டின் காது

ஹெரிபெர்ட்டுக்குச் சம்பளம் கொடுத்தது பிரஸ் மிஷினை ஓட்டுவதற்காக. அதோடு பத்தொன்பது வருஷமாகச் சம்பளமில்லாத வேலை ஒன்றையும் அவன் பார்த்துவந்தான். பக்கத்து மிஷின்காரன் எக்கார்ட்டுக்குக் காதாக இருந்தான்.

எங்கள் ஊரில் வேலை என்றால் சமையல் அடுப்புத் தொழிற்சாலைதான். அதில் அடுப்புக் கதவுக்குத் தகடு வளைக்கும் கூடத்தில் சத்தம் மண்டையைப் பிளக்கும். எல்லோரும் காதை அடைத்துக்கொண்டு கையை ஆட்டித்தான் பேசுவார்கள். காது கேட்காத ஒருவன் யாருக்கும் தெரியாமல் காலம் தள்ள அதைவிடத் தோதான இடம் ஜெர்மனியில் கிடையாது. எக்கார்ட்டுக்கு முப்பது வயதிலேயே காது மந்தமாகிவிட்டது. வெளியே தெரிந்தால் மிஷினிலிருந்து இறக்கி, கையில் துடைப்பத்தைக் கொடுத்து முற்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தான். ஒருநாள் எச்சரிக்கை மணி அலறியும் கையை எடுக்காமல் நின்றவனை ஹெரிபெர்ட் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டான். அன்றிலிருந்து ரகசியம் இருவருக்கும் பொதுவானது. சைகையும் அன்றைக்கே பேசி முடிவாயிற்று. தோளில் ஒரு தட்டு என்றால் மேற்பார்வையாளர் வருகிறார். இரண்டு தட்டு என்றால் என் முகத்தைப் பார்.

கிட்டத்தில் இருந்தால் எக்கார்ட் உதட்டைப் படித்துவிடுவான். தூரமென்றால் முடியாது. அதனால் கேன்டீனில் கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஹெரிபெர்ட் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மேடையில் பேசுவதைச் சுருக்கி உதட்டசைவில் சொல்வான். மற்றவர்கள் விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டும்போது எக்கார்ட்டும் தட்டுவான். எதையும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறவன் என்று அவனுக்கு நல்ல பெயர் வேறு.

பிறகு ஆசியாவிலிருந்து அடுப்புகள் வர ஆரம்பித்தன. கடையில் எங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே பாதி விலையில் நின்றன. நிர்வாகம் முதலில் கிறிஸ்துமஸ் போனஸை விட்டுக்கொடுக்கச் சொன்னது. கொடுத்தார்கள். அடுத்து வாரத்துக்கு மூன்று மணி நேரம் கூலியில்லாமல் உழைக்கச் சொன்னது. உழைத்தார்கள். 'உலகச் சந்தைக்குத் தயாராகிறோம்' என்று சுவரில் ஆளுயரத்துக்கு எழுதி ஒட்டினார்கள். வசந்தத்தில் ஸ்லோவாக்கியாவிலிருந்து ஆறு பேர் மிஷினைப் பார்க்க வந்தார்கள். தங்கமான பிள்ளைகள், வீட்டில் செய்த தொத்திறைச்சி கொண்டுவந்து கொடுத்தார்கள். அச்சு மாற்றும் விதத்தை ஹெரிபெர்ட்தான் அவர்களுக்குப் பொறுமையாகக் காட்டிக்கொடுத்தான். செப்டம்பரில் அறிவித்தார்கள்: பதினொரு மிஷினில் ஏழு ஸ்லோவாக்கியாவுக்குப் போகிறது, பதினொரு பேரில் நான்கு பேர் மட்டும் இருக்கலாம். தயார் செய்யப்பட்டது யார் என்பது அப்போதுதான் புரிந்தது.

யார் இருப்பது, யார் போவது என்பதை இங்கே முதலாளியின் இஷ்டத்துக்கு விடுவதில்லை. நியாயமான தேசம், எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு, புள்ளி அதிகமுள்ளவன் தங்கலாம். வயதுக்குப் புள்ளி, சர்வீஸுக்குப் புள்ளி, மனைவிக்கு, பிள்ளைக்கு. உடல் ஊனம் என்று அரசாங்கச் சான்று இருந்தால் அதற்கும் புள்ளி. கூட்டிப் பார்த்ததில் ஹெரிபெர்ட் நாலாவது ஆள். எக்கார்ட் மூன்று புள்ளி குறைந்து ஐந்தாவது. கோடு சரியாக இருவருக்கும் நடுவில் விழுந்தது.

ஹெரிபெர்ட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த வயதில் வேலை போனால் என்ன ஆகும் என்பதை அவன் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மச்சான் க்ளெமென்ஸ் இருக்கிறான். பக்கத்து ஊர்ப் பூட்டுத் தொழிற்சாலையை மூடியபோது அவனை ஒரு வருஷம் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எப்படிக் கை குலுக்குவது, போட்டோவுக்கு எப்படிச் சிரிப்பது, நாலு பேர் கூடிக் காகிதத்தில் எப்படிக் கோபுரம் கட்டுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முப்பது வருஷம் பூட்டுச் செய்தவன் காகிதக் கோபுரம் கட்டினான். நூற்றுப்பத்து விண்ணப்பம் போட்டான். இப்போது காலையில் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறான். அந்த ஜன்னல் இருக்கும் தெரு வழியாகப் போவதையே ஹெரிபெர்ட் விட்டுவிட்டான்.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை தொழிலாளர் குழு கூட்டம் போட்டது. கேன்டீன் நிரம்பி வழிந்தது. தாமதமாக வந்த இருவருக்கும், யாரும் உட்கார விரும்பாத முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. குழுத் தலைவி கோர்னேலியா மைக்கைப் பிடித்தாள்.

"இப்ப நான் சொல்றத எழுதி ஒட்டமாட்டேன். ஒட்டினா நிர்வாகம் என்னைக் குதறிடும். அதனால ஒரு தடவதான் சொல்வேன். முதுகு, சர்க்கரை, கண்ணு, காதுன்னு எதையாவது இத்தன வருஷமா மறைச்சு வெச்சிருக்கீங்களா? வெக்கத்த விடுங்க. டாக்டர் லெட்டரோட அரசாங்க ஆபீஸ்ல மனு போட்டு, அந்த ரசீத வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள என் கையில குடுங்க. அஞ்சு புள்ளி ஏறும். பன்னெண்டே காலுக்கு வந்து நின்னீங்கன்னா நானும் உங்களோட சேர்ந்து அழத்தான் முடியும்."

அவள் முடித்ததும் எக்கார்ட் வழக்கம்போல ஹெரிபெர்ட் பக்கம் திரும்பினான். ஐந்து புள்ளி. எக்கார்ட்டுக்குக் குறைவது மூன்றுதான். ஹெரிபெர்ட்டுக்கு மச்சானின் நல்ல சட்டை கண்ணில் வந்து நின்றது. பத்தொன்பது வருஷம் எக்கார்ட்டுக்காக அசைந்த அதே உதடு அசைந்தது.

"ஒண்ணுமில்ல. அதே பழைய பாட்டுதான்."

சுற்றிலும் மேசையைத் தட்டினார்கள். எக்கார்ட்டும் தட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலை இடைவேளைக்கு ஹெரிபெர்ட், பன்றிக் கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த ரொட்டி இரண்டு வாங்கி வந்து ஒன்றை எக்கார்ட்டிடம் நீட்டினான்.

"என்னடா, பொறந்த நாளா?" என்றான் எக்கார்ட்.

"சும்மாதான்."

"சும்மா நீ தண்ணி கூட வாங்கித் தந்ததில்லையேடா!"

எக்கார்ட் சிரித்தான். வெங்காயம் உறைப்பதாகச் சொல்லி ஹெரிபெர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

புதன்கிழமை வீட்டில் இன்னொரு இடி காத்திருந்தது. மனைவி ரெனாட்டே அரை நாள் வேலை பார்க்கும் ரொட்டிக் கடையில் ஊர் வம்பெல்லாம் வந்து சேரும். எக்கார்ட்டின் காது விஷயத்தை ஹெரிபெர்ட் அவளிடம் மட்டும் சொல்லிவைத்திருந்தான்.

"அஞ்சு புள்ளி ஏறுமாமே? அப்ப எக்கார்ட் தப்பிச்சிடுவான்ல? அவனுக்குக் கேட்டிருக்காதே, நீ சொல்லிட்டியா?" என்றாள்.

எக்கார்ட் தப்பித்தால் தன் புருஷன் மாட்டுவான் என்ற கணக்கு அவளுக்குத் தெரியாது. ஹெரிபெர்ட் அதைச் சொல்லவும் இல்லை.

"சொல்லிட்டேன்."

"நல்ல காரியம் பண்ணே" என்று தட்டில் இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை வைத்தாள். அவன் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான்.

வியாழக்கிழமை எக்கார்ட்டே பேச்சை எடுத்தான். மிஷின்கள் நின்றிருந்த நேரம்.

"திங்கக்கிழமை கோர்னேலியா ரொம்ப நேரம் பேசினாளே. நெசமாவே ஒண்ணும் இல்லையா?"

உண்மை வாய்வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் தூக்கம் வரும், வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை இருக்கும். தூக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான் மடையன்.

"பொறுமையா இருங்கன்னு சொன்னா. அவ்வளவுதான்."

எக்கார்ட் அவன் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு மிஷினுக்குத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எக்கார்ட் வெளியே போனான். ஹெரிபெர்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே தகட்டை வளைத்தான். இரண்டு கதவு கோணலாகிப் போயிற்று. பன்னிரண்டு அடித்ததும் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு அழுதான். அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது, அதை நினைத்து இன்னும் அழுதான்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் கொடுத்தார்கள். ஏழு கடிதம். ஏழாவது ஹெரிபெர்ட்டுக்கு.

கடிதத்தோடு கோர்னேலியாவின் அறைக்கு ஓடினான்.

"கணக்குல தப்பு இருக்கு. நான் நாலாவது ஆளு!"

"நாலாவதா இருந்தீங்க. கடைசி நாள் ஒரு ரசீது வந்துச்சு. உங்களுக்குக் கீழ இருந்தவர் மேல போயிட்டார். யாருன்னு நான் சொல்லக் கூடாது."

"எக்கார்ட்! அவன் மோசக்காரன். பத்தொன்பது வருஷமா காது கேக்காதத மறைச்சு உங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கான். இப்ப வந்து அதையே காட்டிப் புள்ளி வாங்குவானா? விசாரிங்க, நான் சாட்சி சொல்றேன்!"

கோர்னேலியா பேனாவை மூடி வைத்தாள்.

"பத்தொன்பது வருஷமா உங்களுக்குத் தெரியுமா, ஹெரிபெர்ட்? அப்ப அன்னிக்குக் கூட்டத்துல அவர் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதானே?"

அவன் கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டு படி இறங்கினான்.

உடை மாற்றும் அறையில் எக்கார்ட் மட்டும் இருந்தான். காதுக்குப் பின்னால் தோல் நிறத்தில் புதுக் கருவி ஒன்று. எதையும் மறைக்கத் தேவையில்லாதவன் போல முடியை ஒட்ட வெட்டியிருந்தான்.

"உனக்கு யார் சொன்னாங்க?" என்றான் ஹெரிபெர்ட்.

"முன்வரிசைல உக்கார வெச்சுட்டு யார் சொன்னான்னு கேக்குற. கோர்னேலியா வாய் எவ்வளவு பெருசு! ஒரு வார்த்தை விடாமப் படிச்சேன்."

"அப்புறம் ஏன்டா என்னைக் கேட்ட?"

"நீ சொல்லுவேன்னு. திங்கக்கிழமை கேட்டேன், வியாழக்கிழமை கேட்டேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணி வரைக்கும் டாக்டர் லெட்டர சட்டைப் பையிலயே வெச்சிருந்தேன்." எக்கார்ட்டின் குரல் உயரவில்லை. "நீ சொல்லியிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேன். என் வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரியில நிரந்தர வேலை, எங்களுக்குக் கஞ்சிக்குப் பஞ்சம் வராது. இவன் இருக்கட்டும், நாம போயிடலாம்னுதான் நெனச்சிருந்தேன். நீ ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான்."

அது நிஜமா, வேலையில் தங்கிவிட்டவன் சுலபமாகச் சொல்லக்கூடிய பேச்சா? ஹெரிபெர்ட்டுக்கு இன்றுவரை தெரியாது. நிஜமாக இருக்கக் கூடாதே என்று அவன் அந்த நிமிஷம் கும்பிடாத குறையாக வேண்டிக்கொண்டான்.

"எக்கார்ட், என் மச்சானப் பாத்திருக்கேல்ல? நான் அவன் மாதிரி..."

எக்கார்ட் காதுக்குப் பின்னால் விரலை வைத்துக் கருவியை அணைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அலமாரிப் பூட்டைத் திறந்தான். ஹெரிபெர்ட் மன்னிப்புக் கேட்டான். உரக்கக் கேட்டான். அந்தச் சின்ன அறையில் அது அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

பிறகு கிட்டப் போய், எக்கார்ட்டின் தோளில் இரண்டு தட்டுத் தட்டினான்.

எக்கார்ட் திரும்பவில்லை.