சட்டையோடு ஓடியவன்

இந்த மெட்ராஸில் ஆண்கள் சட்டையைக் கழற்ற ஒரு காரணமும் வேண்டியதில்லை. வெயில் அடித்தால் கழற்றுகிறார்கள்; சாப்பிட உட்கார்ந்தால் கழற்றுகிறார்கள்; மயிலாப்பூரில் சுவாமி கும்பிடப் போனாலும் அதே கதைதான். ரங்கூனில் எங்கள் தெருப் பர்மியர்கள் சட்டை போடாமல் வாசலுக்கே வரமாட்டார்கள். அங்கே மிச்சமிருக்கும் பள்ளித் தோழிகளான உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அப்படியில்லை. கான்வென்ட் ஓட்டப் பந்தயங்களில் ஒருவராலும் முந்த முடியாத ரீத்தாவை ஞாபகம் இருக்கிறதா? அது நான்தான். இப்போது சாந்தோமில் சேவியர்.

யுத்தத்தில் குண்டு விழ ஆரம்பித்து நாங்கள் கால்நடையாகக் கிளம்பியபோது, முடியை வெட்டிக்கொண்டு அண்ணனின் பழைய கால்சட்டையை மாட்டினேன். வழியில் வம்பு வரக்கூடாதென்று செய்ததாக எல்லாரும் நினைத்தார்கள். எனக்கோ அப்பாடா என்றிருந்தது. சின்ன வயதிலிருந்தே மனசுக்குள் நான் பையன்தான். அன்றுதான் வெளியேயும் ஆனேன். மெட்ராஸ் வந்த பிறகு கவுனைத் தொடவேயில்லை. ஆனால் ஓட்டத்தையும் விட வேண்டியதாயிற்று. அந்த ஏக்கம் மட்டும் போகவில்லை. குப்பத்தில் எனக்கு இடம் கொடுத்திருக்கும் சூசை அண்ணன் மீன்பிடிக்கிறவர். நான் சட்டையோடு குளிப்பதைப் பார்த்து, மார்பில் குண்டுக் காயம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். நானும் மறுக்கவில்லை.

மாதா திருவிழாவன்று ஆண்களுக்குக் கடற்கரை மணலில் ஓட்டம். வெறும் மார்போடு ஓடுவதுதான் வழக்கம். பரிசு ஒரு வேட்டி. வேடிக்கை பார்க்கத்தான் போனேன், கால் கேட்டால்தானே! கோட்டில் போய் நின்றுவிட்டேன். விஷயம் தெரிந்தால் இருக்க இடமும் போகும், சேவியரும் போவான். ஆனாலும் ஆண்கள் வரிசையில் நின்று ஒரு தடவையாவது ஓடாமல் இருக்க என்னால் முடியவில்லை.

“இன்னாப்பா, சட்டையக் கயட்டு. ஆம்பளதானே நீ?” என்றான் பக்கத்தில் நின்றவன்.

சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டேன். கூட்டத்திலிருந்து சூசை அண்ணன் கத்தினார்: “டேய், அவன் பர்மாக்காரன். மார்ல குண்டுக் காயம் கீது. அப்டியே ஓடட்டும், வுடு!”

ஓடினேன். மணல் இழுக்க இழுக்க ஓடி முதலில் வந்தேன். எத்தனை நாள் கழித்துக் கிடைத்த சந்தோஷம் அது! மூச்சு வாங்கிக்கொண்டே பரிசுக்காக மாதா கோயில் சாமியார் முன்னால் போனேன். அங்கேதான் வினை. எங்கள் கான்வென்ட்டில் ஜெயித்த பெண், கவுனை இரண்டு பக்கமும் விரலால் பிடித்து, ஒரு காலைப் பின்னால் வைத்து, முழங்காலை மடக்கிய பிறகே மதரிடம் பரிசு வாங்கவேண்டும். என்னைக் கேட்காமலே விரல்கள் கால்சட்டையைப் பிடித்தன, முழங்கால் மடங்கிவிட்டது. கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. தொலைந்தேன் என்று அப்படியே நின்றேன்.

“பாத்தியா, சாமியாருக்கு இன்னா மருவாதி!” என்றார் சூசை அண்ணன். “ரங்கூன்ல ஆம்பளைங்க இப்டித்தான் போல கீது.”

சாமியார் என் தோளில் வேட்டியைப் போட்டார். இரண்டாவதாக வந்தவன், என்னைச் சட்டை கழற்றச் சொன்ன அதே ஆள், என் கால்களையே உற்றுப் பார்த்தான். பிறகு மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டு, அதை இரண்டு பக்கமும் விரலால் பிடித்து, வியர்த்த வெறும் மார்போடு, சாமியார் முன்னால் என்னைவிட அழகாக முழங்காலை மடக்கினான்.