லென்ஸக்கா பிரிக்காத உறை

இயற்பியல் ஆய்வகத்தில் லென்ஸ் துடைத்தே பத்தொன்பது வருஷம் ஓட்டிவிட்டாள். அதனால் எல்லோருக்கும் அவள் லென்ஸக்கா. படிப்பு எட்டாவதோடு சரி. காது மட்டும் எம்.எஸ்ஸி. வரை போயிருந்தது. பேராசிரியர்கள் சண்டை போட்டால், கை துடைத்துக்கொண்டே இருக்கும், ஒரு வார்த்தை தப்பாது.

சண்டையும் சாமானியமானதா? பெரிய புரொபசர் மேசையைத் தட்டுவார். "பார்க்கிற வரைக்கும் எலெக்ட்ரான் இங்கயும் இல்ல, அங்கயும் இல்ல. பார்த்தாத்தான் முடிவாகுது!"

எதிர் நாற்காலி மேடம் விடுவாரா? "முடிவே ஆகுறதில்ல சார். ரெண்டுமே நடக்குது. இந்த உலகத்துல ஒண்ணு, வேற உலகத்துல இன்னொண்ணு."

ஒரே கருவி, திரையில் விழும் அதே புள்ளிகள். அதில் தகராறே இல்லை. அதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான் இத்தனை அடிதடி. லென்ஸக்கா மனசுக்குள் பெரியவர் கட்சி.

அப்படிப்பட்டவள் கையில் தங்கையின் பரிசோதனை முடிவு ஒட்டிய உறையில் வந்து சேர்ந்தது. மார்பில் கட்டி. தங்கைக்கு ஆஸ்பத்திரி என்றாலே நடுக்கம், அக்காவே வாங்கி வரட்டும் என்றுவிட்டாள். வாங்கியவள் பிரிக்கவில்லை. பார்த்தால்தானே முடிவாகும்? பையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அடிப்பாவி, பதினொரு நாள்!

பன்னிரண்டாம் நாள் மதியம் மனசு கேட்காமல் பெரியவரிடமே நீட்டினாள். "நீங்க சொன்னீங்களேன்னுதான் சார் பிரிக்கல."

பெரியவருக்கு முகம் வெளிறிப்போனது. "ஐயோ, என்னம்மா இது! அது எலெக்ட்ரானுக்கும்மா. இது டாக்டர் பார்த்து, எழுதி, ஒட்டிக் கொடுத்த காகிதம்!"

"அதை ஏன் சார் ஒரு நாளும் சொல்லல?"

இத்தனை வருஷம் மேசையைத் தட்டியவர் உறையைக் கிழிக்காமல் மேடத்திடம் நீட்டினார். மேடம் வாங்கிப் பிரித்தார். புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சையில் குணமாகும், ஒரு வாரத்துக்குள் வரவும் என்று எழுதியிருந்தது. ஒரு வாரமாம்! கெடு தாண்டிவிட்டது.

மேடத்துக்கு வாய்ப் பழக்கம், ஆறுதல் என்று நினைத்து ஆரம்பித்தார். "இன்னொரு உலகத்துல..."

"அந்த உலகத்துத் தங்கச்சி நல்லா இருக்கட்டும் மேடம். எனக்கு இருக்கிறது இவ ஒருத்திதான்!"

நின்ற இடத்திலேயே தங்கைக்குப் போன் போட்டாள். "ஏய், ஆரம்பம்தானாம்டி. ஆபரேஷன் பண்ணா சரியாயிடுமாம். உடனே கிளம்பு!"

மறுமுனையில் தங்கை கேட்டாள்.

"நிஜமாவாக்கா? நீ பதினொரு நாளா வாயே திறக்கலியே. கேட்கவும் பயமா இருந்துச்சு. டாக்டருங்க கைவிட்டுட்டாங்கன்னு நானே முடிவு பண்ணிட்டேன். என் பாப்பாவை உன்கிட்ட விட்டுடலாம்னு அவ துணியெல்லாம் மடிச்சுப் பெட்டியில வெச்சுட்டேன்க்கா."