அகத்தாவின் மணல் வகுப்பு

என் தங்கை அகத்தா முப்பத்தொரு வருஷம் மணல் வகுப்பு நடத்தினாள். அதில் பள்ளி நாளாக இருந்தும் வகுப்பு நடக்காமல் போனது ஒரே ஒரு நாள். அன்று பீடத்தை நகர்த்திக்கொண்டிருந்தோம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். தச்சு வேலை தெரியும். அதனால் நான் சொல்வதில் அளவுகள் மட்டும் சரியாக இருக்கும்.

எங்கள் ரப்பர் தோட்டம் கரங்கானுக்குப் பக்கத்தில் இருந்தது. தோட்டத்து மாதா கோயில்தான் பள்ளிக்கூடமும். இருபத்தெட்டு அடி நீளம், பதினெட்டு அடி அகலம், பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. வாசல் கிழக்கே சாலையைப் பார்த்து இருந்தது. பீடம் மேற்குச் சுவரில். செங்கால் மரம், ஆறடி இரண்டு அங்குலம். அதைச் செய்தபோது நானும் இழைப்புளி பிடித்தேன்.

அகத்தா பினாங்கில் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, பிறகு மடத்திலேயே தங்கியிருந்தவள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. ஜப்பான்காரன் வந்ததும் மடம் மூடப்பட்டது. அவள் ஒரு துணி மூட்டையோடு வீடு வந்து சேர்ந்தாள். அப்போது வயது பதினேழு.

தோட்டத்தில் அப்போது பால் வெட்டு நின்றுவிட்டது. வெள்ளைக்கார மானேஜர் போய்விட்டார். பிள்ளைக் கொட்டகை ஆயாவும் போய்விட்டார். தாய்மார்கள் காலையில் மரவள்ளிக் காட்டுக்குப் போனால் மதியம்தான் திரும்புவார்கள். பெரிய பிள்ளைகளுக்கு உபதேசியார் பாடம் சொன்னார். சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. மார்ச் மாதம் பாப்பம்மாவின் மகன், மூன்று வயது, ஆலைக்குப் பின்னால் இருந்த கால்வாயில் விழுந்து இறந்தான். சவப்பெட்டி நான்தான் செய்தேன். இரண்டடி பத்து அங்குலம்.

அடுத்த திங்கள்கிழமை அகத்தா நான்கு வயது முதல் ஆறு வயது வரை இருந்த பிள்ளைகளைக் கோயிலுக்குக் கூட்டிவந்துவிட்டாள். இருபத்தாறு பேர். சிலேட்டு கிடையாது. நான் பலகைத் தட்டுகள் செய்து கொடுத்தேன். ஆற்று மணலை மூன்று முறை கழுவிக் காயவைத்து அதில் பரப்பினாள். பிள்ளைகள் விரலால் எழுதினார்கள். மணல் வகுப்பு என்று பெயர் வந்தது அப்படித்தான்.

எழுத்துக்கு முன்னால் அவள் கற்றுக்கொடுத்தது கோயிலில் நடந்துகொள்ளும் முறை. நுழைந்ததும் பீடத்தைப் பார்த்து ஒரு காலில் மண்டியிட்டுச் சிலுவை போட வேண்டும். பீடத்துக்கு முதுகு காட்டக் கூடாது. மறந்து காட்டிவிட்டால் திரும்பி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். சாமியார் மாதம் ஒரு தடவைதான் வருவார். மற்ற நாட்களில் பீடத்தின் மேல் நற்கருணை அப்பம் வைக்கும் பேழை காலி. அதை அகத்தா பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பாதிப் பிள்ளைகள் இந்துப் பிள்ளைகள். அவர்களும் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார்கள்.

ஜூலை மாதம் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடங்கள் அனுமதி வாங்க வேண்டும். ஜப்பான் மொழி கற்பிக்க வேண்டும். தினமும் காலையில் கிழக்கே தோக்கியோவை நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும். கூலிம் நகரத்திலிருந்து அதிகாரி வந்து பார்ப்பார். ஒழுங்காகச் செய்யும் வகுப்புக்கு அனுமதிச் சீட்டும் மதியக் கஞ்சிக்கு அரிசியும் உண்டு. செய்யாத வகுப்பை மூடிவிடுவார்கள். மூடினால் அந்த இருபத்தாறு பேரும் மறுபடியும் கால்வாய்க்கரைக்குத்தான் போவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

தோட்டத்துக் கணக்கர் மணியம் கிராணி ஜப்பான் மொழி வகுப்புக்கு இரண்டு மாதம் போய்வந்தவர். அவரிடம் அகத்தா ஒன்று முதல் பத்து வரையும் ஒரு பாட்டும் கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கிழக்கு வணக்கத்தை வெளியே மைதானத்தில் பழக்கினாள். மூன்று வாரத்தில் இருபத்தாறு முதுகும் ஒரே மட்டத்தில் குனிந்தன. ரசமட்டம் வைத்துப் பார்த்திருக்கலாம்.

அதிகாரி வந்த அன்று மழை. வணக்கத்தைக் கோயிலுக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். மைதானத்தில் பீடம் இல்லை, கோயிலுக்குள் இருக்கிறது என்பது அகத்தாவுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் ஒழுகும் இடத்தில் வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் கிழக்கே திரும்பினார்கள். அழகாகக் குனிந்தார்கள். நிமிர்ந்ததும் பாப்பம்மாவின் மகள் பிரேமாவதி, நான்கு வயது, ஞானஸ்நானம் வாங்காதவள், சட்டென்று பின்னால் திரும்பிப் பீடத்தின் முன் மண்டியிட்டுச் சிலுவை போட்டாள். மற்ற இருபத்தைந்து பேரும் அப்படியே செய்தார்கள்.

அதிகாரிக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். "கெனாப்பா டுவா காலி?" என்றார். ஏன் இரண்டு தடவை என்று கேட்கிறார். அது அகத்தாவுக்கே புரிந்தது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான் பேச வேண்டும் என்பது விதி.

மொழிபெயர்க்க வந்திருந்த மணியம் அகத்தாவின் பக்கம் திரும்பினார். "என்னம்மா சொல்றது நான்?"

"உள்ளதச் சொல்லுங்க கிராணி ஐயா. முதுகு காட்டிட்டாங்க, மன்னிப்புக் கேக்குறாங்க."

"இதச் சொன்னா என் தலை போயிரும் லா."

"முதுகு காட்டுனது பிள்ளைங்க. உங்க தலை எதுக்குப் போவுது?"

மணியம் பாதி ஜப்பான் மொழியிலும் பாதி மலாயிலும் சொன்னார். அதிகாரி வெகுநேரம் பீடத்தைப் பார்த்தார். முதுகு காட்டக் கூடாது என்பதில் அவருக்கு ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு தடவை என்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. கையிலிருந்த பிரம்பால் பீடத்தைக் காட்டினார், பிறகு கிழக்குச் சுவரைக் காட்டினார். அதை இங்கே கொண்டு வா, ஒரு தடவை வணங்கு, நாளை மறுநாள் காலையில் வந்து பார்ப்பேன், சரியாக இருந்தால் கையெழுத்து. இவ்வளவுதான் சொன்னார். காரில் ஏறிப் போய்விட்டார்.

சாமியார் உத்தரவு இல்லாமல் பீடத்தைத் தொடக் கூடாது. சாமியார் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. உபதேசியார் இது பாவம் என்றார். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அகத்தா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் மணல் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பாப்பம்மா நனைந்துகொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை. மகளுக்காகக் காத்திருந்தாள்.

அகத்தா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம், "அண்ணே, பீடத்தத் தூக்க எத்தன பேரு வேணும்?" என்றாள்.

"ஆறு."

"வாசல்?"

வாசலை நான் யோசிக்கவே இல்லை. கிழக்குச் சுவரில் பீடம் வந்தால் வாசல் அடைபடும். மறுநாள் அதை அடைத்தோம். மேற்குச் சுவரில் மூன்றடிக்கு ஆறரையடி அறுத்துப் பழைய கதவையே மாட்டினேன். புது வாசல் மரவள்ளிக் காட்டைப் பார்த்தது. பீடத்தைத் தூக்குவதற்கு முன் ஆறு பேரையும் அகத்தா மண்டியிடச் சொன்னாள். அதில் நான்கு பேர் முருகன் கோயில்காரர்கள். மண்டியிட்டார்கள்.

அதிகாரி சொன்னபடி வந்தார். பிள்ளைகள் கிழக்கே குனிந்தார்கள், அதே திசையில் மண்டியிட்டார்கள், சிலுவை போட்டார்கள். இடையில் யாரும் திரும்பவில்லை. "சத்து காலி," என்றார் அதிகாரி, ஒரு தடவை என்று. கையெழுத்துப் போட்டார். அரிசி மூன்றாம் நாள் வந்தது, கல் நிறைய இருந்தது.

மூன்று வாரம் கழித்துச் சாமியார் சைக்கிளில் வந்தார். சாலைப் பக்கம் சுவர் இருந்தது. சுற்றி வந்தார். உள்ளே நின்று பார்த்தார். அகத்தா எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்படியானால் பிள்ளைகள் யாரை வணங்குகிறார்கள்?" என்று கேட்டார்.

"அத நான் கேக்கல சாமி. கேட்டா பதில் சொல்லிருவாங்க."

சாமியார் அடுக்கியிருந்த மணல் தட்டுகளைப் பார்த்தார். பிறகு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இருபத்தாறு என்றாள். பூசைக்கு மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு, வாசலை மறுபடி சாலைப் பக்கம் வைக்கலாமா என்று அகத்தாவிடம் கேட்டேன். ஒரு நாள் வகுப்பு போகும் என்றாள். அதனால் வைக்கவில்லை. இன்றும் புதிதாக வருகிறவர்கள் சுவர்வரை வந்து, சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.