கட்டில் வரை எட்டாத சிக்னல்

குழந்தைகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு அக்கா. வருவாள், குத்துவாள், ரத்தத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பெயர் பெரியவர்களிடமும் ஒட்டிக்கொண்டது. அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபிலேயே "கொசு கிளம்பியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "கொசுவை யாராவது போன் பண்ணிக் கூப்பிடுவாங்களா? என்னைக் கூப்பிடுறாங்களே" என்பாள்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களின் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுத்து வருவது அவள் வேலை. காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தால், பத்துக்குள் பன்னிரண்டு வீடு, நடுவே ஒரு தடவை லேபுக்கு. எடுத்த ரத்தம் இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால், காபி குடிக்கச் சொன்னால்கூடக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடுவாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரின் வீட்டில் ரத்தம் எடுத்தாள். சிறுநீரகம் கெட்டுப்போன மனிதர். மேட்டுத் தெருவின் கோடியில், கல்சுவர் வீட்டின் பின்னறையில் கிடந்தார். "ஸ்டீரிங்க விட இந்தத் தலகாணிதான் ரொம்ப நாள் கைல இருக்கு" என்று சிரித்தபடி கையை நீட்டினார்.

பன்னிரண்டரைக்கு அவள் இரண்டாவது சுற்று முடித்து லேபுக்குத் திரும்பியபோது, வரவேற்பு மேஜையில் விரித்திருந்த பதிவேட்டில் சிவப்பு மையில் ஒரு வரி கண்ணில் பட்டது. டிரைவரின் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது. அந்த அளவுக்கு ஏறினால் எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம். அப்படிப்பட்ட முடிவை உடனே போனில் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் எழுதியிருந்தது: "ஆறு முறை அழைத்தோம். தொடர்பு கிடைக்கவில்லை."

"எப்போ கூப்பிட்டீங்க?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

"பதினொன்னுலருந்து கூப்பிடுறேன்க்கா. எல்லைக்கு அப்பால் இருக்காருன்னே சொல்லுது."

"எழுந்து நடக்கவே முடியாதவர் எந்த எல்லைக்குப் போவாரு?"

சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே வெளியே ஓடினாள். எட்டு நிமிடத்தில் அந்த வீட்டில் இருந்தாள். டிரைவரின் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பின்னறையில் அவர் கண்ணைப் பாதி மூடிக் கிடந்தார். தலைமாட்டில் போன் சார்ஜில் இருந்தது. திரையில் சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுகூட இல்லை.

"யாருமே கூப்பிடலையேம்மா" என்றார் மனைவி. "காலெல்லாம் பஞ்சாப் போச்சுன்னு இப்பதான் சொன்னாரு. தூக்கக் கலக்கம்னு நினைச்சேன்."

வாசலுக்கு ஓடி வந்துதான் அவளாலேயே ஆம்புலன்சைக் கூப்பிட முடிந்தது. ஆஸ்பத்திரியில் டிரைவர் பிழைத்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

திரும்பும்போது தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். தினமும் தாண்டிப் போகும் விளம்பரப் பலகைகள்தான். அன்றுதான் நின்று படித்தாள். நீலக் கம்பெனியின் பலகை சொன்னது: "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரை எட்டுகிறோம்." நேர் எதிரே ஆரஞ்சுக் கம்பெனி: "நெட்வொர்க்கில் முதலிடம். நாங்கள் சொல்லவில்லை, ஆய்வு சொல்கிறது." சற்றுத் தள்ளி, பச்சைக் கம்பெனி மூலை முடுக்கெல்லாம் தானே என்றது. மூன்று பேரும் முதலிடம். டிரைவரின் போன் நீலக் கம்பெனியுடையது. அவர் அந்த நூறாவது ஆளா?

நீலப் பலகையின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருந்தது. போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தாள். "கட்டடங்களுக்கு வெளியே, கணக்கீட்டின் அடிப்படையில்."

அன்று மாலை கணவனிடம் சொன்னாள்: "என்னோடதும் நீலம்தான். உங்க ஆரஞ்சு போனை எனக்குக் காலைல கொடுங்க. அலமாரில இருக்கிற பழைய போன்ல ஒரு பச்சை சிம் போட்டுக்கறேன். எது எங்க எடுக்குதுன்னு நானே பாத்துடறேன்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க இரும்புக் கூண்டுக்குள் இருப்பவன். "தாராளமா எடுத்துக்கோ. லிஃப்டுக்குள்ள போயிட்டா எந்தக் கம்பெனியும் ராஜா இல்ல" என்றான்.

மறுநாளே தொடங்கினாள். திரையில் தெரியும் கோடுகளை நம்பக் கூடாது என்பது முதல் வாரத்திலேயே புரிந்தது. மூன்று கோடு காட்டும், கூப்பிட்டால் போகாது. அதனால் கோட்டை விட்டுவிட்டு அழைப்பைப் பிடித்தாள். ரத்தம் எடுத்ததும் பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்வாளே, அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்குக் கிடைத்த நேரம். கட்டிலருகே நின்றபடி மூன்று போனிலிருந்தும் லேபைக் கூப்பிடுவாள். வரவேற்புப் பெண் "வந்துச்சு" என்றால் டிக். இல்லாவிட்டால் பெருக்கல் குறி. வாசலில் இன்னொரு முறை. எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில்.

முதல் மாதம் லேப் மேலாளருக்குப் பொறுக்கவில்லை. "நாம ரத்தம் பாக்குற லேபா, சிக்னல் பாக்குற லேபா?"

"ரிசல்ட் அவங்க காதுல விழலன்னா, ரத்தம் பாத்து என்ன சார் பிரயோஜனம்?"

அவர் முகத்தைச் சுளித்தபடி தன் அறைக்குள் போய்விட்டார். ஆனால் தடுக்கவில்லை. அதுவே போதுமென்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டில்தான் சண்டை வந்தது. கணவனின் தங்கை நீலக் கம்பெனி ஷோரூமில் வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவள் நோட்டைப் புரட்டிப் பார்த்து முகம் சுருங்கிப்போனாள்.

"அண்ணி, எங்க மேப்பப் பாருங்க. மேட்டுத் தெரு முழுக்க நீலம்."

"மேப்ல நீலம் இருக்கு. கட்டில்ல இல்லையே."

"அப்போ நான் கஸ்டமர்கிட்ட பொய் சொல்றேன்னு சொல்றீங்களா?"

"நீ பொய் சொல்றன்னு சொல்லல. உனக்குச் சொன்னதை நீ சொல்ற."

"நடுவுல நான் டவர் மாதிரி நிக்கிறேன்" என்றான் கணவன். "ரெண்டு பக்கமும் அடி." இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

மூன்று மாதம். மழைக்காலத்தில் நோட்டை உறைக்குள் வைத்துக் காப்பாற்றினாள். இருநூற்றுப் பதினான்கு வீடுகள். வாசலில் மூன்று கம்பெனியும் அநேகமாக எங்கும் வேலை செய்தன. கட்டிலருகே வந்தால் கதை வேறு. நீலம் நூற்று அறுபத்தெட்டு வீடுகளில்; ஆரஞ்சு நூற்று அறுபத்தொன்றில்; பச்சை நூற்று நாற்பத்தொன்பதில். ஆனால் மொத்தத்தில் யார் முதலிடம் என்பது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மேட்டில் நீலம் படுத்துவிட்டது, ஆரஞ்சு நின்றது. பள்ளத்தில் தலைகீழ். பதினோரு வீடுகளில் ஒன்றுமே எட்டவில்லை. நாற்பத்தேழு வீடுகளில், நோயாளி கையில் வைத்திருந்த போன் அவர் படுத்திருந்த இடத்தில் ஊமை. அந்த நாற்பத்தேழைத்தான் இரண்டு முறை அடிக்கோடிட்டாள்.

நோட்டைப் பார்த்த நாத்தனார், நீலம் முன்னால் இருப்பதை மட்டும் ஷோரூமில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரமே கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் லேபுக்கு வந்துவிட்டார்.

"மேடம், அருமையான வேலை. உங்க படத்தைப் போட்டுப் பெருசா ஒரு பலகை வைக்கலாம். 'வீடு வீடாகப் பார்த்தேன், நீலமே முதல்.' இது உண்மைதானே?"

"உண்மைதான். பதினோரு வீட்ல நீங்களும் இல்ல. அதையும் அதே அளவு எழுத்துல போடுவீங்களா?"

அவர் சிரித்தார். "விளம்பரத்துல அதெல்லாம் யாரும்மா போடுவாங்க?"

"அப்போ என் மூஞ்சியும் வேண்டாம்."

நல்ல வாய்ப்பைக் காலால் எட்டி உதைத்துவிட்டாள் என்று லேபில் பாதிப் பேர் சொன்னார்கள். அவளுக்குமே அப்படித்தானோ என்று தோன்றியது. அவர் வரக் காரணமான நாத்தனாருக்குத் தலைகுனிவாகிப்போயிருக்குமே என்பதுதான் அதிகம் உறுத்தியது.

ஆனால் இரண்டு நாள் கழித்து நாத்தனாரே வந்தாள். "அண்ணி, அந்தாளை விடுங்க. விளம்பரக்காரங்ககிட்ட பேசிப் புண்ணியமில்ல. டவரைப் பாத்துக்கறவங்க வேற ஆளுங்க. நோட்டுல இருக்கிறதை ஃபோட்டோ எடுத்துக் கொடுங்க, நான் சேர்த்துடறேன். ஆரஞ்சு, பச்சை ஆபீஸ் முகவரியும் இதோ."

பச்சை பதிலே போடவில்லை. ஆரஞ்சிலிருந்து நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது, அவ்வளவுதான். நீலத்திலிருந்து மட்டும் ஓர் இன்ஜினியர் அளவுக் கருவியோடு வந்தார். நேராக டிரைவரின் பின்னறைக்கு அழைத்துப் போனாள். கருவியையும் கல்சுவரையும் மாறி மாறிப் பார்த்தார் அவர்.

"நாங்க கார்ல தெருத் தெருவாப் போய்த்தான் அளப்போம்" என்றார் மெதுவாக.

"எங்க ஆளுங்க யாரும் கார்ல படுத்திருக்கல சார்."

கட்டிலில் கிடந்த டிரைவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். இன்ஜினியரும் சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார். மேட்டுத் தெருவைப் பார்த்த ஆன்டெனாவின் சாய்வை மாற்றினார்கள். நாலு வீடுகளுக்கு, சிக்னலை உள்ளே கூட்டித் தரும் சின்னப் பெட்டிகள் பொருத்தினார்கள். மற்றவற்றுக்கு வழியில்லை என்று ஒளிக்காமல் சொன்னார்.

மற்றவற்றுக்கான வழியை அவள் லேபிலேயே உண்டாக்கினாள். ரத்தம் எடுக்கும் படிவத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லி மேலாளர் அறையை விட்டு நகராமல் நின்றாள். ஒன்று, கட்டிலருகே வேலை செய்யும் எண். மற்றொன்று, கூப்பிட்டால் ஓடிப் போகக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரின் எண். ஆபத்தான முடிவுக்கு இரண்டு எண்ணிலும் பதில் இல்லாவிட்டால், லேபிலிருந்து ஒருவர் நேரில் கிளம்ப வேண்டும். "கிடைக்கவில்லை" என்று எழுதிப் பதிவேட்டை மூடக் கூடாது.

"இதுக்கெல்லாம் ஆள் எங்கம்மா?" என்றார் மேலாளர்.

"முதல் ஆளா என் பேரை எழுதுங்க சார்."

எழுதினார். அதற்கடியில் வரவேற்புப் பெண் கேட்காமலேயே தன் பெயரையும் எழுதிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஒன்பது மாதத்தில் சிவப்பு மை முடிவுகள் ஏழு. ஆறு போனிலேயே போய்ச் சேர்ந்தன. அதில் இரண்டை வாங்கிக்கொண்டு ஓடியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்றுக்கு மட்டும் யாரும் எடுக்கவில்லை. அன்று கொட்டுகிற மழை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவள் நேரிலேயே போய்ச் சொல்லிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து வந்து, பதிவேட்டில் "சொல்லியாயிற்று" என்று எழுதினாள்.