பெங்களூரில் சங்கம் வைத்தவர்கள்

சங்கம் நடத்துகிறவர்களுக்குச் சங்கம் நடத்தக் கற்றுக்கொடுக்கவும் ஒரு சம்பளம் உண்டு என்பதை என் மாமியார் இன்னும் நம்பவில்லை.

இந்த ஊருக்குப் பிழைக்க வந்த, கன்னடம் வீட்டு மொழியாக இல்லாத மக்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சின்னச் சின்ன அமைப்புகளுக்குக் கூடமாட நிற்பதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. பதிவு செய்துகொடுப்போம், ஆபீசர்களிடம் கூடவே போவோம், நன்கொடை கேட்கச் சொல்லித்தருவோம். நீங்களும் எங்காவது குடியிருப்போர் சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ செயலாளராக மாட்டிக்கொண்டு, யாரும் வராத கூட்டத்துக்கு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பிறகு நீங்களே அடுக்கி வைத்தவர் என்றால், என் கஷ்டத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரே தெரு, இரண்டு தலைவர்கள்

பீன்யாவில் ஒரே தெருவில் இரண்டு தமிழ்த் தொழிலாளர் சங்கங்கள் இருந்தன. ஒன்று திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்களுடையது, தலைவர் ஏழுமலை. இன்னொன்று தருமபுரிக்காரர்களுடையது, தலைவர் சின்னசாமி. யாருக்காவது மிஷினில் கை மாட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது, யாராவது இறந்தால் காரியம் முடியும்வரை கூட நிற்பது என்று இரண்டும் செய்த வேலை ஒன்றேதான். இரண்டையும் சேர்த்துவிட்டால் பலமாக இருக்குமே என்று நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு தரப்பையும் கூட்டினேன். டீயும் போண்டாவும் வந்தன. நான் சொன்ன எல்லாவற்றுக்கும் எல்லாரும் தலையாட்டினார்கள். புதுச் சங்கத்துக்கு யார் தலைவர் என்று கேட்டதும் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடினார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

பஸ் ஸ்டாப் வரைக்கும் ஏழுமலை கூட வந்தார். ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவர். எனக்குக் கோபம்தான். நல்ல காரியத்தைப் பதவிக்காகக் கெடுத்துவிட்டார்களே என்று உம்மென்று நடந்தேன். அவர் புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"மேடம், கம்பெனிக்குள்ள போனா என்னை 'ஏய் லேத்து'ன்னுதான் கூப்புடுவாங்க. பேரு யாருக்கும் தெரியாது. இந்தத் தெருவுலதான் நான் தலைவரு. சின்னசாமிக்கும் அப்படித்தான். ரெண்டு பேருக்குக் கெடைக்கிற மரியாதைய ஏன் ஒரு ஆளுக்குக் கொறைக்கணும்?"

பெரியவர் யார்?

நேபாளத்திலிருந்து வந்த வாட்ச்மேன்கள் சிலர் தங்களுக்குள் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் கிடையாது, பலகை கிடையாது. பிரேம் என்ற வாட்ச்மேனின் போன் நம்பர்தான் அதன் ஆபீஸ். ஒரு மதியம் பிரேம் எனக்குப் போன் செய்தார். அவர்களில் ஒருவரான லோகேந்திரா, வேலை பார்த்த அபார்ட்மெண்டின் வாட்ச்மேன் அறையில் நெஞ்சுவலியில் இறந்துபோயிருந்தார். போலீஸ், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து உடலைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் ஊரிலிருந்து கிளம்பியாயிற்று. அவர் வந்து முகம் பார்க்காமல் எரிக்க முடியாது. அதுவரை உடலை வைக்க அபார்ட்மெண்டில் இடம் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். "தீதி, எங்கே வைப்போம்?" என்று இந்தியில் கேட்டார் பிரேம்.

ஏழுமலையின் சங்கத்தில் ஐஸ் பெட்டி இருந்தது நினைவுக்கு வந்து அவரைக் கூப்பிட்டேன். பெட்டி தருகிறேன், ஆனால் வைக்க இடம் சின்னசாமி ஆட்களின் ஷெட்தான் என்றார். நான் சின்னசாமியிடம் பேசுவதற்குள் ஏழுமலையே பேசிவிட்டிருந்தார். நான் போய்ச் சேரும்போது ஷெட்டைக் கழுவி, பெட்டிக்குக் கரண்ட் இழுத்து, வாசலில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் யாருக்கும் நேபாளி தெரியாது, வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. பெண்கள் சாதம் வடித்துக் கொண்டுவந்து, சாப்பிடுங்கள் என்று சைகையிலேயே மிரட்டினார்கள். அண்ணன் வரும்வரை ஷிப்ட் முடிந்தவர்கள் மாறி மாறிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணன் வந்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். எரித்துவிட்டுத் திரும்பிய பிறகு பிரேமிடம் மெல்ல ஏதோ கேட்டார். இங்கே பெரியவர் யார், அவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் ஊருக்குப் போக வேண்டும் என்கிறாராம். நான் அதைத் தமிழில் சொன்னதும் ஏழுமலை சின்னசாமியைக் கைகாட்டினார். சின்னசாமி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"ஐயோ, நான் சும்மா ஷெட்டு குடுத்தவன்ங்க. பெரியவரு அவருதான். அவரு காலத் தொடச் சொல்லுங்க."

ஆளில்லாத பயிற்சி

சிவாஜிநகரில் தையல் வேலை செய்யும் பெண்களின் குழு ஒன்று. வீட்டில் தக்னி உருது, கடையில் தமிழ், பஸ்ஸில் கன்னடம். தலைவி நஸீமா. எங்களுக்கு நிதி தருகிறவர்களில் ஒருவர் டெல்லியிலிருந்து வருவதாக இருந்தது. அவர் பார்ப்பதற்காகவே அந்தக் குழுவுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி ஏற்பாடு செய்திருந்தேன். ஹாலில் புரொஜக்டர், லேப்டாப், சமோசா எல்லாம் தயார். அவர் வந்தார். பெண்கள் மட்டும் வரவில்லை. போனையும் யாரும் எடுக்கவில்லை. டிராபிக் என்று ஒரு பொய் சொன்னேன். கடைசியில் தாங்க முடியாமல் அவரையும் கூட்டிக்கொண்டு சந்துக்குள் தேடிப்போனேன்.

ஒரு வீட்டு வாசற்படியில், படிக்குக் கீழே, எதிர்வீட்டுச் சுவரோரம் என்று சந்து முழுக்க எங்கள் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் துணி. காஜா எடுப்பவர்கள் காஜா எடுத்தார்கள், ஹெம்மிங் செய்பவர்கள் ஹெம்மிங் செய்தார்கள். குழுவில் ஒரு பெண்ணை அவள் கணவன் அந்த வீட்டுக்குள் அடைத்து, உள்பக்கம் பூட்டிக்கொண்டு தானும் இருந்தான். காலையில் அவள் சத்தம் கேட்டு நஸீமா எல்லாரையும் அழைத்து வந்திருந்தாள். யாரும் கத்தவில்லை, கதவை இடிக்கவும் இல்லை. கதவு திறக்கும்வரை இங்கேதான் தைப்போம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று விசாரித்தார்கள். விசாரித்தவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். கணவன் இரண்டு முறை ஜன்னல் வழியாகப் பார்த்தான். மூன்றாம் முறை கதவைத் திறந்துவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான். அந்தப் பெண் வந்து நஸீமாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்று அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு போலீசில் புகார் கொடுக்கவும் கூடவே போனார்கள்.

டெல்லிக்காரர் சந்திலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார். நான்தான் பழக்க தோஷத்தில், ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாமே என்று நஸீமாவிடம் முணுமுணுத்தேன். அவள் ஊசியை ரவிக்கை ஓரத்தில் குத்திக்கொண்டே சொன்னாள்.

"இன்னிக்கு ட்ரெய்னிங் நக்கோ மேடம். அது நாளைக்கும் இருக்கும். கதவு இன்னிக்கே தொறக்கணும் இல்லியா?"

சந்தாபுராவில் ஒரு வகுப்பு

சந்தாபுராவில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் கவிதா, ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். எல்லாம் கன்னடப் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள். தமிழ் பேச வரும், படிக்க வராது. இடம் பிடித்துக்கொடுத்தது நாங்கள். இரண்டாம் வாரமே உள்ளூர் இளைஞர் சங்கத் தலைவர் சிவண்ணா நாலைந்து பேரோடு வந்து வாசலில் நின்றார். "இல்லி தமிழ் யாக்கே?" என்றார். இங்கே எதற்குத் தமிழ் என்பதுதான் கேள்வி. இந்த மாதிரிப் பேச்சு எங்கே போய் முடியும் என்று இந்த ஊரில் வளர்ந்த எனக்குத் தெரியும். இந்த வாரம் விட்டுவிடலாம் என்று கவிதாவிடம் கிசுகிசுத்தேன்.

அவள் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. நல்ல கன்னடத்தில் அவரிடம் சொன்னாள்: "உள்ளே வந்து உட்காருங்க அண்ணா. பாருங்க. தப்பாத் தெரிஞ்சா நானே பூட்டிட்டுப் போறேன்." அவர் வந்து குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். அன்றைக்குப் பாடம் 'மழை'. பக்கத்தில் இருந்த சிறுமி அதை முதலில் கன்னட எழுத்தில் எழுதிவிட்டு, அதைப் பார்த்துத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் எட்டிப்பார்த்ததும் கன்னடத்திலேயே விளக்கினாள்: நம்ம 'மளெ'தான் அங்கிள், நாக்கைக் கொஞ்சம் மடிச்சாத் தமிழ். அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். வரவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

வகுப்பு முடியும்வரை இருந்தார். வெளியே வந்து ஆட்களை அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். பூட்டச் சொல்லப்போகிறார் என்று நான் சாவியைத் தேடினேன். அதுவரை கன்னடம் மட்டுமே பேசியவர், குரலைத் தாழ்த்தித் தமிழுக்கு மாறினார்.

"நம்ம அக்காவ ஓசூர்ல குடுத்திருக்கு மேடம். அவங்க பசங்களுக்குக் கன்னடம் பேச வரும், எழுத வரல்ல. அங்க இதே மாதிரி ஒரு கிளாஸ் போட்டுக் குடுப்பீங்களா?"

இந்த அமைப்புகளை வலுப்படுத்துவதுதான் என் பணி என்று நியமன உத்தரவில் எழுதியிருக்கிறது. இதுவரை நான் உறுதியாகச் செய்தது, அவர்கள் தாங்களாகவே எழுந்து நின்றபோது நாற்காலியை ஓரமாக நகர்த்தி வைத்ததுதான்.