பெங்களூருக்கு அனுப்பாத கடிதம்

அன்று உப்பளத்தில் இருந்தவர்கள் மூன்றே பேர்: நான், என் தங்கை செல்வி, கோட்டக்குப்பத்து லாரி டிரைவர் காதர் பாய். லோடு ஏற்றிய ஆட்கள் கஞ்சிக்குப் போயிருந்தார்கள்.

நான் எட்டாவதோடு நின்றவன். எம்.எஸ்ஸி. படிக்கச் செல்விக்கு மெட்ராஸ், பெங்களூர் இரண்டிலும் இடம் கிடைத்தது. அவள் பெங்களூரைத் தேர்ந்தெடுத்து, சம்மதக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தாள். எனக்கோ பயம். ஊர் ஊராகப் போகிறவர் என்று, முந்தின லோடுக்கு வந்திருந்த பாயிடம் கேட்டேன்: "பெங்களூருக்கு அனுப்பலாமா, பாய்?"

"அங்க மட்டும் வேணாம்பா. எப்பப் பார்த்தாலும் மழை. போய்ச் சேர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிடும்."

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதத்தையும் போடவில்லை.

கெடு முடிய ஒரு நாள்தான் இருந்தது. பதிலைக் காணோமே என்று செல்வி உப்பளத்துக்கே வந்துவிட்டாள். உண்மையைச் சொல்லி, பாயைக் கைகாட்டினேன்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "டேய், உப்பைக் கேக்குறேன்னு நெனச்சேன்டா. பொண்ணு கரையுமா?"

செல்வி சிரிக்கவில்லை. "மெட்ராஸ் சீட்டை வேணாம்னு எழுதிட்டேண்ணா."

"லெட்டரக் குடு. மழை விட்டாச்சு, இந்த லோடு பெங்களூருக்குத்தான். காலையில காலேஜ்லயே குடுத்துடறேன்" என்றார் பாய்.

சேர்க்கைக்குக் கட்ட வேண்டிய பணம் அறுபது ரூபாய். என்னிடம் இருந்தது இருபத்தைந்து. மீதியை அவரே போட்டுக் கட்டினார்.

ரசீது தபாலில் வந்தது. பாய் வரவில்லை, துபாய் போய்விட்டாராம். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும், யாருக்காகக் கேட்கிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கவலைப்படும் புத்திதான் போகவில்லை.

அவருக்கு நான் தர வேண்டியது முப்பத்தைந்து ரூபாய்.