பச்சைப் புள்ளி

அம்பாசமுத்திரத்தில் கல்யாண ஆல்பம் என்றால் கணேஷ்ராம்தான். வேலையில் சுத்தம். ஆனால் யார் எது சொன்னாலும் "சரிக்கா", "சரிண்ணாச்சி" என்று ஆடிய தலை அது. நாற்பத்திரண்டு வயதாகியும் இல்லை என்று ஆடப் பழகவில்லை.

எடுத்த படங்களெல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் கிடந்தன. டிஸ்க் பழசாகிவிட்டதால், அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் போட்டுவைத்தார். அதுவரைக்கும் கெட்டிக்காரர்தான்.

ப்ரியாவின் கல்யாணம் முடிந்து, படம் பொறுக்க அவள் அம்மா பிரம்மநாயகி வந்திருந்தார். அவர் கணவர் ஐயம்பெருமாள் படுத்த படுக்கை. மகள் கல்யாணத்தை அவர் ஆல்பத்தில்தான் பார்க்க வேண்டும். தாலி கட்டும் படம் திரையில் வந்த நேரம் பார்த்து மென்பொருள் வீறிட்டது. குறுக்கே ஒரு சிவப்புக் கட்டம்.

"என்ன தம்பி சொல்லுது?"

"ஆயுசு முடியப்போவுதாம்க்கா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் கணேஷ்ராம்.

அம்மாள் முகம் செத்துவிட்டது. "தாலி கட்டுத நேரத்துல இப்படியா அபசகுனமா கத்தும்? மொதல்ல அதத் தூக்கிருங்க தம்பி."

"சரிக்கா."

தூக்கிவிட்டு அன்று சாயங்காலமே வேறு மூன்றைப் போட்டுப் பார்த்தார். ஒன்று மணியடித்தது. ஒன்று மஞ்சளில் எச்சரித்தது. மூன்றாவதோ, டிஸ்க்கின் சூட்டை மட்டும் பார்த்து, மூலையில் பச்சைப் புள்ளி வைத்ததோடு சரி. அதையே வைத்துக்கொண்டார். நாடி பிடிக்காமலே 'நல்லா இருக்கீரு' என்கிற வைத்தியரை யாருக்குத்தான் பிடிக்காது? தை முகூர்த்தமெல்லாம் முடியட்டும், நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் டிஸ்க் டக் டக்கென்று தட்டிவிட்டு நின்றது. அதற்குச் சற்று முன்புவரை புள்ளி பச்சைதான். திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார், அங்கே கையை விரித்துவிட்டார்கள். உறவுக்காரர்கள் போனில் எடுத்ததில் முன்னால் நின்றவர்களின் முதுகுதான் இருந்தது.

'நாந்தான்க்கா கெடுத்தேன்' என்று பிரம்மநாயகி வீட்டுக்கு வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார். வீட்டில், படம் போய்விட்டது என்பது வரைக்கும்தான் வாய் வந்தது.

பிரம்மநாயகி, "எல்லாம் என் வாய்தான் தம்பி. நல்ல நேரத்துல அபசகுனம்னு சொல்லித் தொலைச்சேன். பலிச்சிட்டு. நீங்க என்ன செய்வீங்க பாவம்," என்று காபி கொண்டுவந்து வைத்தார்.

உள்ளேயிருந்து ஐயம்பெருமாள், "படம் வந்துட்டா?" என்று கேட்டார்.

இல்லக்கா, உங்க வாய் இல்ல, என்று சொல்ல வேண்டிய இடம் அது.

"நீங்க வெசனப்படாதீங்க. குடிங்க தம்பி."

"சரிக்கா," என்று குடித்தார்.

அந்தக் காபியை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது என்று என்னிடம் சொன்னார். கூசட்டும். அந்த அம்மாள் இப்போதெல்லாம் எந்தக் கல்யாண வீட்டிலும் வாயைத் திறப்பதில்லையாம்.